அரை இஞ்ச் ஸ்பேனர்

ஒன்பது வருடம் விமானப்படையில் சக்கரமும் பிரேக்கும் இறக்கையும் பழுது பார்த்துவிட்டு, அறுபதுகளின் கடைசியில் சித்தூருக்கு வந்து இறங்கினேன். நான்கு பேர் வீடு தேடி வந்து வேலை கொடுப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். திமிர் என்றால் திமிர்தான். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய விமானம் ஒன்றுகூட என் வேலையில் குறை என்று திரும்பி வந்ததில்லை. அந்தக் கையெழுத்துக்கு ஊரில் ஒரு மரியாதை இருக்காதா?

இருக்கவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் குமாஸ்தா என் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "சித்தூருலோ ஏரோப்ளேன் எக்கட உந்தி சாரு?" என்று சிரித்தார். சித்தூரில் விமானம் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏரோப்ளேன் இல்லன்னா இன்னா? பிரேக் வச்ச வண்டி எல்லாம் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அப்போது நானும் மனைவியும் கைக்குழந்தையும் மாமனார் வீட்டில் இருந்தோம். அவர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அதே பள்ளிக்கூடத்தில் எனக்காக ஒரு குமாஸ்தா வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். "நாற்காலி, மேசை, தலைக்கு மேல ஃபேன். இன்னா கொறச்சல் மாப்ளே?" என்பார். அந்த ஃபேனை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது. நல்லவேளையாக, சித்தூருக்கும் திருப்பதிக்கும் எட்டு பஸ் ஓட்டி, இரண்டு ஊரிலும் ஷெட் வைத்திருந்த ஒரு முதலாளி என்னைத் தன் சித்தூர் ஷெட்டில் மூன்று மாதம் இருந்து பார்க்கச் சொன்னார். அவருக்குப் பிடித்தால் ஷெட்டுக்கு நான்தான் பொறுப்பு. பிடிக்காவிட்டால் மாமனாரின் ஃபேன்.

ஷெட்டில் இருபது வருடமாக ஒரு மேஸ்திரி இருந்தார். நகரிக்காரர். என்ஜின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்த விஷயத்தில் அவருக்கு நான் இன்றைக்கும் கும்பிடு போடுவேன். ஆனால் கருவிகள் எல்லாம் ஒரு கோணிப்பையில் கிடக்கும். ஸ்பேனர் வேண்டுமானால் பையைத் தரையில் கொட்டித் தேடுவார்கள். வேலை முடிந்ததும் கைக்குக் கிடைத்ததை அள்ளிப் போட்டுக் கட்டுவார்கள். அதைப் பார்த்த முதல் நாளே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

விமானப்படையில் ஒவ்வொரு கருவிக்கும் பலகையில் அதன் உருவம் வரைந்த இடம் உண்டு. வேலை முடிந்து மூடுவதற்கு முன்னால் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் விமானம் தரையை விட்டு எழும்பாது, எப்பேர்ப்பட்ட அதிகாரி வந்து கத்தினாலும் சரி. உள்ளே மறந்துவிட்ட ஒரு ஸ்பேனர் உருண்டு போய் ஒரு கம்பியில் சிக்கினால் போதும், கதை முடிந்தது. அதனால் ஒரு மரப்பலகை வாங்கினேன். சிவப்புப் பெயிண்டில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவத்தையும் வரைந்து, ஆணி அடித்து, சுவரில் மாட்டினேன். பலகை நிறையாமல், நான் கையெழுத்துப் போடாமல், எந்த வண்டியும் வெளியே போகக்கூடாது என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு ஏரோப்ளேன் சாரு என்று பெயர். "பஸ்ஸு இன்னா வானத்துலயா பறக்கப்போவுது? ரோட்லதான ஓடிக்கினு இருக்குது" என்றார் மேஸ்திரி.

"பிரேக் புடிக்கலன்னா பறக்கும்" என்றேன். மறுநாளிலிருந்து ஸ்பேனர்கள் பலகைக்குத் திரும்பி வர ஆரம்பித்தன.

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. புரட்டாசி சனிக்கிழமை. காலை பத்து மணிக்குத் திருப்பதி போகவேண்டிய வண்டியில் கிளட்ச் வேலை. டிரைவர் காலடியில் இருக்கும் பலகையைக் கழற்றி, நானும் மேஸ்திரியும் உள்ளே குனிந்து முடித்து, மறுபடி மூடியாயிற்று. மஞ்சள் துணியும் நாமமுமாக ஜனம் ஏறி உட்கார்ந்து கோவிந்தா போட்டுக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போடப் போன நான் சுவரைப் பார்த்தேன். அரை இஞ்ச் ரிங் ஸ்பேனரின் இடம் காலியாக இருந்தது.

"வண்டி போகாது" என்றேன்.

டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். ஜனம் இறங்கி வந்து என்னைச் சூழ்ந்துகொண்டது. ஒரு பெரியவர், "சாமிக்கு முடி குடுக்கப் போறவங்கள தடுக்கறியே, நீ நல்லா இருப்பியா?" என்று கேட்டார். யாரோ ஆள் அனுப்பி முதலாளியே வந்துவிட்டார். "ஏமய்யா, ஒரு ஸ்பேனருக்கோசரமா? வேற வாங்கித் தரேன். சைன் பெட்டு, வண்டிய அனுப்பு" என்றார்.

"ஸ்பேனர் போனா போவட்டும் சார். அது எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியணும். டிரைவர் காலடிப் பலகைக்குக் கீழதான் பிரேக் பெடலோட கம்பி போவுது."

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மேஸ்திரி என் காதுபடவே திட்டிக்கொண்டு காலடிப் பலகையை மறுபடி கழற்றினார். முக்கால் மணி நேரம் தேடினோம். பாதி ஜனம் சலித்துப்போய் வேறு பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டது. கடைசியில் நானே வண்டிக்கு அடியில் புகுந்து மல்லாந்து படுத்தேன். முழங்காலை மடக்கியதும் ஏதோ தொடைக்குக் கீழே குத்தியது.

நான் போட்டிருந்தது விமானப்படையில் போட்ட அதே பழைய ஓவரால். அதில் காலோடு ஒட்டி ஒரு நீளப் பாக்கெட் உண்டு. ஸ்பேனர் அதற்குள் இருந்தது.

வண்டிக்கு அடியில் என்னைத் தவிர யாரும் இல்லை. கையை நீட்டி, பிரேக் கம்பிக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு, "இதோ பாருங்கய்யா!" என்று ஒரு சத்தம் போட்டால் போதும். நூறு பேர் உயிரைக் காப்பாற்றியவன் ஆகிவிடுவேன். வேலை நிரந்தரம். மேஸ்திரி தலை மட்டும் உருளும். உண்மையைச் சொல்கிறேன், என் கை பாதி தூரம் போயிற்று. பிறகு என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது. பொய்யான இடத்தில் ஸ்பேனரை வைக்கிறவனுக்குப் பலகை எதற்கு, கையெழுத்து எதற்கு?

வெளியே வந்து எல்லோரும் பார்க்க அதைத் தூக்கிக் காட்டினேன். "என் பாக்கெட்லதான் இருந்துச்சு. தப்பு என்னுது" என்றேன்.

ஷெட்டே சிரித்தது. "ஏரோப்ளேன் சாரு, உங்க பாக்கெட்டுக்கும் ஒரு பலகை அடிச்சி மாட்டுங்க!" என்றார் டிரைவர். முதலாளி சிரிக்கவில்லை. "திங்கக்கெழம வா, பேசிக்கலாம்" என்று எழுந்து போய்விட்டார். நான் ஸ்பேனரை மாட்டிவிட்டு, பலகை நிறைந்ததைப் பார்த்து, கையெழுத்துப் போட்டேன். வண்டி போயிற்று. வேலையும் போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனாலும் தலை குனிந்து நிற்கவில்லை. எண்ணியது சரி, நிறுத்தியது சரி, பாக்கெட்டில் போட்டதுதான் தப்பு.

சாயங்காலம் மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஷெட் ஆட்களில் சிரிக்காதவர் அவர் ஒருவர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சாரு, போன வருசம் ஒரு முக்கா இஞ்ச் ஸ்பேனரு காணாம பூட்ச்சி" என்றார். "எந்த வண்டில உட்டேன்னு தெரியல. சொன்னா வேல பூடும்னு வாய மூடிக்கினு இருந்துட்டேன். காத்தால ஒவ்வொரு வண்டியும் கெளம்பசொல்ல எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. நாளைக்கு ஞாயித்துக்கெழம. ஒண்ணு ஒண்ணா தொறந்து பாப்பமா?"

ஞாயிறு காலை மாமனார் வேட்டியும் வேதப்புத்தகமுமாக ஆராதனைக்குக் கிளம்பியபோது நான் ஓவராலைப் போட்டுக்கொண்டிருந்தேன். "வேலையே இல்லன்னு ஆனப்புறம் ஞாயித்துக்கெழமையும் போவணுமா மாப்ளே?" என்றார். "இன்னிக்குத்தான் மாமா வேலையே" என்று சொல்லிவிட்டுப் போனேன். வண்டிகள் ஓட்டம் முடிந்து ஒவ்வொன்றாக வர வர, திறந்து திறந்து பார்த்தோம். ஐந்து வண்டியில் ஒன்றும் இல்லை. ஆறாவது வண்டியில் காலடிப் பலகையைத் தூக்கி உள்ளே கையை விட்ட மேஸ்திரி, கையை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

பிரேக் கம்பியை ஒட்டிக் கிடந்தது. கம்பி போய் வந்து, போய் வந்து, ஸ்பேனரின் முதுகில் பளபளவென்று ஒரு கோடு விழுந்திருந்தது. இன்னும் ஒரு விரல்கடை நகர்ந்திருந்தால் பெடல் இறங்கியிருக்காது. மேஸ்திரி தரையில் உட்கார்ந்து, "எத்தினி ஜனம் சாரு, எத்தினி ஜனம்" என்று அழுதார்.

திங்கட்கிழமை ஸ்பேனரை முதலாளியின் மேசைமேல் வைத்தேன். எங்கே கிடைத்தது என்று சொன்னேன். "யாரு உட்டது?" என்று கேட்டார். மேஸ்திரியைக் காட்டிக் கொடுக்காமல் எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் பின்னாலிருந்து மேஸ்திரி குரல் வந்தது. "நான்தான் சாரு உட்டது. நான்தான் எடுத்தது."

முதலாளி அந்தப் பளபளத்த கோட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ப்ரதி சுக்ரவாரம் மா அம்மா ஈ பண்டிலோனே போதுந்தி" என்றார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவருடைய அம்மா திருச்சானூர் கோயிலுக்குப் போவது அந்த வண்டியில்தான். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. திருப்பதி ஷெட்டில் நிற்கிற வண்டிகளையும் திறந்து பார்க்க வேண்டும், இருவரும் இப்போதே கிளம்புங்கள், இனிமேல் இரண்டு ஷெட்டும் உங்கள் பொறுப்பு என்றார்.

அதே வண்டியில்தான் போனோம். டிரைவருக்குப் பின் சீட்டில் இடம் கிடைத்தது. நான் சந்திரகிரிக் கோட்டையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மேஸ்திரி திருப்பதி வரும்வரை பிரேக் மிதிக்கும் டிரைவரின் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.