அணைக்கப் பயந்த கம்ப்யூட்டர்

தெருவில் எல்லோருக்கும் அவள் ‘பிளான் அக்கா’. புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. படுக்கையறை மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர்தான் அவளுக்கு ஆபீஸ்.

ஒருநாள் காலை திரை கறுப்பாகவே நின்றது. நாலைந்து தடவை அணைத்துப் போட்ட பிறகுதான் உயிர் வந்தது. உடனே கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தம்பிக்குப் போன் போட்டாள்.

“படத்தையெல்லாம் பென் டிரைவ்ல காப்பி எடுத்தாச்சுடா.”

“சரிக்கா, ஆனா பெட்டியே எழுந்திரிக்கலைன்னா எதுல வரைவே? அது ஓடும்போதே அவசரத்துக்கு இன்னொரு பென் டிரைவ் செஞ்சு வெச்சுக்க. அதைச் சொருகினா கம்ப்யூட்டர் அதிலிருந்து கிளம்பும், கோளாறையும் சரிபண்ணிக்கலாம்.”

அவன் சொல்லச் சொல்லச் செய்தாள். ‘இதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும்’ என்று திரையில் வந்ததும் கையை எடுத்துக்கொண்டாள். இரண்டு பென் டிரைவும் அச்சு அசல் ஒன்றுபோல் இருந்தன. முதலிலிருந்தே சொருகியிருந்த, படம் உள்ளதைப் பிடுங்கிச் சேலை முந்தானையில் முடிந்துகொண்ட பிறகே பொத்தானை அழுத்தினாள்.

வேலை முடிந்தது. “ஒருதரம் அணைச்சு, அதுலேருந்து கிளம்புதான்னு பாரு” என்றான் தம்பி.

“அணைச்சா அப்புறம் வரலைன்னா?”

அவள் அணைக்கவேயில்லை. இரவும் பகலும் பெட்டி இரைந்துகொண்டே இருந்தது. தூக்கத்திலும் அந்தச் சத்தத்துக்கே காது கொடுத்துக் கிடந்தாள்.

அந்த வாரமே, சட்டைக்கு இஸ்திரி போட வந்த கணவர் எந்தப் பிளக் என்று பார்க்காமல் பிடுங்கிவிட்டார். மறுபடி போட்டால் கறுப்புத் திரைதான்.

“ஐயையோ, காலையிலிருந்து மாத்தினது அத்தனையும் அதுக்குள்ள இருக்குங்க! இன்னும் காப்பி எடுக்கல!”

“நான் கவனிக்கலம்மா...” அவர் முகம் வெளிறிவிட்டது.

அவசரத்துக்குச் செய்த பென் டிரைவைச் சொருகினாள். இரண்டு தடவை விரல் வழுக்கியது. திரையில் ஒரு வெள்ளைக் கோடு எட்டிப் பார்த்தது. அப்புறம் எழுத்து. ‘பழுது நீக்கு’ என்றிருந்ததை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்தபடியே நின்றார்.

கம்ப்யூட்டர் எழுந்தது. காலையில் கடைசியாகச் சேமித்த படிக்கட்டுப் படம் வரை எல்லாம் இருந்தது. அவள் அப்போதுதான் அழுதாள்.

“நான்தான் கெடுத்தேனா?” என்றார் கணவர்.

“இல்லீங்க. என்னைக்காவது அணைச்சுத்தானே ஆகணும்” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே படங்களைக் காப்பி எடுக்க ஆரம்பித்தாள்.