அலைச்சீட்டு

அபிராமத்துக்குத் தெற்கே ஆட்டுக்கிடை போட்டுப் பிழைத்த கூத்தையாவுக்குச் சீட்டாடுகிற பழக்கமே கிடையாது. எழுபத்தெட்டுப் புயலில் அவன் அய்யா முனியசாமி மந்தையை மொத்தமாகத் தண்ணீருக்குக் கொடுத்தவர். மிஞ்சிய ஒரே பெட்டைக்குட்டியின் வழிவந்ததுதான் கூத்தையா மேய்த்த மந்தை. அதற்கு முன்னால் போவது மோழைக்கிடா, கொம்பில்லாதது. அது கால் வைத்த இடத்தில்தான் மற்றதெல்லாம் கால் வைக்கும்.

இரண்டாயிரத்து எட்டு கார்த்திகையில் அவன் பெண்டாட்டி சேதுலட்சுமியின் தம்பி மருதுபாண்டி சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தான். திரும்பிப் போகுமுன் முனியய்யா கோயிலில் கிடா வெட்ட வேண்டும் என்றான். கேட்டது அந்த மோழையை. வேறு எதையும் பிடித்துக்கொள் என்று கூத்தையா சொல்லிப் பார்த்தான், அவன் மசியவில்லை. மச்சினன் வாய்விட்டுக் கேட்டதை முகத்துக்கு நேரே இல்லை என்றால் சேதுலட்சுமி பிறந்த வீட்டுப் படி மிதிக்க முடியாது. மருதுபாண்டியே சிரித்துக்கொண்டு வழி சொன்னான்.

"சீட்டுல செயிச்சிரு மச்சான். கெடா ஒன்னோடயே கெடக்கட்டும்."

அது ராஜா ராணிச் சீட்டு இல்லை. சிங்கப்பூரில் கூட வேலை பார்ப்பவர்கள் ஆடுவது. சீட்டுக்கு ஒரு மிருகம், அதற்கொரு பலம். எதிரெதிரே இறக்கி மோதவிட வேண்டும். தடுக்க மிருகமில்லாமல் நிற்பவன் தோற்றான். ஆளுக்கொரு கட்டு பொறுக்கிக்கொள்ளலாம். மழை விடாமல் பெய்த நாட்களில் கூத்தையா பழகிக்கொண்டான். கட்டு முழுக்க மிருகங்களாகவே சேர்த்தான். பொறுக்கும்போது நடுவில் வந்த ஒரு சீட்டில் மிருகமே இல்லை, பெரிய அலை மட்டும். அதை இறக்கினால் இரண்டு பக்கமும் தரையில் நிற்கிற மிருகமெல்லாம் போய்விடும்.

"அதத் தூக்கிப் போடு மச்சான். ஒங் கட்டுப் பூராம் உருப்படி. ஒன்னையத்தான் மொதல்ல அழிக்கும்" என்றான் மருதுபாண்டி.

கூத்தையா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் பக்கம் பெருத்து நிற்கும்போது அது விஷந்தான். ஆனால் எதிராளி பெருத்து, தான் நோஞ்சானாய் நிற்கிற வேளையும் வருமே. அப்போது கையில் இரண்டு உருப்படியை மறைத்து வைத்திருந்தால், எல்லாம் போன வெறுந்தரையில் இறக்குவதற்குத் தன்னிடம்தானே இருக்கும். மச்சினன் பார்க்காதபோது ஒரு மானை எடுத்துவிட்டு அலையைச் செருகிக்கொண்டான்.

பந்தயத்தில் அந்த வேளை அப்படியே வந்தது. மருதுபாண்டி யானை, முதலை, கரடி என்று கையில் இருந்ததையெல்லாம் இறக்கிவிட்டான். கூத்தையாவுக்குத் தரையில் சின்ன உருப்படிகள் மூன்று. கையில் இரண்டு. கூடவே அலை.

அலையை எடுக்க விரல் வரவில்லை. ஓட்டின்மேல் மழை இரைந்தது. வீட்டுக்குப் பின்னால் பள்ளத்து ஆட்டுப்பட்டியிலிருந்து மோழையின் கழுத்துமணி கேட்டது. கிடைக்காரர் வீட்டில் ஆடு செத்தது என்று வாயால்கூடச் சொல்வதில்லை, படுத்துக்கிருச்சு என்பார்கள். நிற்பதெல்லாம் தண்ணீரோடு போகட்டும் என்று தன் கையாலேயே எப்படி வைப்பது? சின்னதில் ஒன்றை நகர்த்தினான். யானை மிதித்தது. அதன்பின் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. அலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

வெள்ளிக்கிழமை கிடா விழுந்தது. மணியை மட்டும் கேட்டு வாங்கி மடியில் கட்டிக்கொண்டான். கறிச்சோற்றில் கை வைக்கவில்லை.

மறுநாள் விடிகிற நேரம் கண்மாய் உடைந்தது. பட்டிக்கும் மேட்டுக்கும் நடுவே ஓடை. தண்ணீர் அப்போதே முழங்காலுக்கு மேல். மோழை இருந்தால் இறங்கியிருக்கும். ஆடுகள் ஒன்றன் வயிற்றில் ஒன்று தலையைச் செருகி நின்றன. ஒன்றைத் தூக்கி அக்கரையில் விட்டால் கத்திக்கொண்டு நீந்தித் திரும்பி வந்தது. உதவிக்கு ஓடிவந்த மருதுபாண்டி, கூத்தையா குனிந்தபோது பையிலிருந்து நழுவி மிதந்த சீட்டை எடுத்தான்.

"இது கையில இருந்துமா தோத்த?"

"மந்த நனைஞ்சுக்கிட்டு நின்னுச்சுல்ல மாப்ளே. எப்படி வைக்க?"

 தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. கூத்தையா மடியிலிருந்த மணியைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு, மோழை நடக்கிற மாதிரியே தலையை ஆட்டி ஆட்டி ஓடையில் இறங்கினான். மணி கேட்டது. நடு ஓடைக்கு வந்துவிட்டான். பின்னால் ஒரு குளம்பும் தண்ணீரில் விழவில்லை.