ஈரலுக்கு அவசரம் தெரியாது

அந்தப் பஸ் பணிமனையில் அவளை எல்லோரும் ‘ஊதல் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால், விடிந்ததும் விடியாததுமாக வந்து உட்காருவாள். டிரைவர்கள் அவளிடமுள்ள குடிச்சோதனைக் கருவியில் ஊத வேண்டும். சைபர் காட்டினால்தான் சாவி.

இன்று ஆறு மணிக்கு ஜன்னலில் வந்து நின்றவன் அவள் தம்பி. தாய் போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"வண்டி கழுவுற இடத்தைச் சுத்திப் பத்து ரவுண்டு ஓடிட்டேன்க்கா. எல்லாம் வேர்வையில போயிடுச்சு."

அது பணிமனையின் கைவைத்தியம். முந்தின நாள் குடித்தவன் காலையில் ஓடுவான். மற்றவர்கள் கைதட்டி ரவுண்டு எண்ணுவார்கள்.

"ஊது."

நாற்பத்திரண்டு காட்டியது; நூறு மில்லி ரத்தத்தில் அத்தனை மில்லிகிராம் சாராயம். ஏற்கெனவே இரண்டு முறை மாட்டியவன். மூன்றாவது முறை பதிவேட்டில் ஏறினால் வேலை போய்விடும். அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

"எத்தனை ரவுண்டு ஊத்துன?"

"நண்பன் வீட்டு விசேஷம்க்கா. பதினொன்றரைக்கே நிறுத்திட்டேன். தூங்கினேன், தலைக்குக் குளிச்சேன், பால் இல்லாம ரெண்டு காப்பி குடிச்சேன்..."

"காப்பி குடிச்சா முழிச்சிருக்கிற குடிகாரன் ஆவ. அவ்வளவுதான்! வேர்வையிலயும் மூச்சுலயும் மூத்திரத்துலயும் போறது பத்துல ஒரு பங்குகூட இல்லடா. மீதி மொத்தமும் ஈரல் உடைச்சுத்தான் ஆகணும். முதல்ல அதை இன்னொரு விஷமாக்கி, அந்த விஷத்தையும் உடைச்சு, அப்புறம்தான் வெளிய தள்ளும். மணிக்கு ஏறக்குறைய ஒரு சின்ன கிளாஸ். நீ ஓடினாலும் அவ்வளவுதான், உருண்டாலும் அவ்வளவுதான்."

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, மாத்து டிரைவர் இல்ல. நல்லாத்தானே நிக்கிறான்? கால் மணி நேரம் கழிச்சு ஊதச் சொல்லு, முதல் தடவையை எழுதாத."

"கால் மணியில நாலு குறையும் சார். முப்பத்தெட்டோட நாப்பது பிள்ளைங்களை ஏத்தலாமா? உங்க பேத்தியும் அந்த வண்டிதானே?"

மேனேஜர் டிரைவர் கேட்டு அடுத்த பணிமனைக்குப் போன் போடப் போனார்.

தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, என் பொண்டாட்டிக்கு எட்டு மாசம். வேலை போனா என்ன பண்ணுவேன்? நீ தாய் மாதிரி இல்லையா?"

"தாய் மாதிரிதான். அதனாலதான் கன்னத்துல அறையாம உக்காந்திருக்கேன்! எட்டு மாசம்னு கிளாஸைத் தூக்கும்போது ஞாபகம் வரலையா?"

பேனாவை எடுத்தாள். எழுத்து காகிதத்தைக் கிழிக்கும் வேகத்தில் விழுந்தது. நேரம், அளவு, அவன் பெயர், தன் கையெழுத்து.

அவன் வீட்டுக்குப் போகவில்லை. ஓய்வறைப் பெஞ்சில் முறைத்துக்கொண்டே கிடந்தான். பள்ளிக்கூட பஸ் வேறொருவன் கையில் முக்கால் மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. ஒன்பதே காலுக்குத் தம்பி ஜன்னலுக்கு வந்து, அவள் சொல்லாமலே கருவியைப் பிடுங்கி ஊதினான். சைபர்.

"பாத்தியா? ஒண்ணுமே இல்ல! இதுக்காக என் சோத்துல மண்ணைப் போட்டியே!"

"மூணு மணி நேரமா உன் ஈரல் மாடா உழைச்சிருக்கு. நீ பெஞ்சுல படுத்திருந்த. அது பட்ட பாட்டுக்கு நீ மார் தட்டாத."

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடுக்கா. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்டா!"

"அப்ப இனிமே நீ எனக்கு அக்கா இல்ல." அடையாள அட்டையைக் கழற்றிக் கம்பி இடுக்கு வழியே வீசினான். அது அவள் மேஜையில் வந்து விழுந்தது.

"இல்லாட்டிப் போ! சாயங்காலம் உன் வீட்டுக்கு வருவேன். என் தம்பி பொண்டாட்டிய பாக்க வருவேன், உன்னை இல்ல. நடந்ததை நானே சொல்றேன். நீ போய் அதுக்குள்ள பொய் சொல்லி வைக்காத."

அவன் கேட்டைத் தாண்டும் வரை திட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு அட்டையைப் பதிவேட்டின் நகலோடு சேர்த்துப் பின் அடித்து, தலைமை அலுவலகத்துக்குப் போகும் உறையில் போட்டு ஒட்டினாள். கோபம் மட்டும் இம்மியும் இறங்கவில்லை.