படி ஏறாத வெள்ளம்

சின்னாளபட்டிக்கு வெளியே எங்கள் ஓடைக்கரைத் தெருவில் படி வைத்த வீடு எங்களுடையது ஒன்றுதான். இடுப்பில் குடத்தோடு அந்தப் படிகளில் ஏறும்போதெல்லாம் என் வீட்டுக்காரரை மனதுக்குள் திட்டுவேன். சில நாள் வாய்விட்டும் திட்டியிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மற்ற நாளில் ஆடு மேய்கிற ஓடை, சிறுமலையில் மழை பிடித்தால் ஆளை இழுத்துப் போகும். இடம் மலிவு என்று வாங்கிவிட்டோம். கரையைவிட்டுத் தள்ளிக் கட்ட வேண்டும், தரையை இடுப்பளவு உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி கிடையாது என்று பஞ்சாயத்து ஆபீசர் சொன்னார். தெருவில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இவர் மட்டும் வண்டி வண்டியாக மண் அடித்தார். அனுமதி பெற்ற வீடு என்பதால் நெசவாளர் சங்கம் மூலமாக வீட்டுக்கும் தறிக்கும் வெள்ள இன்சூரன்ஸும் கிடைத்தது. அதன் பிறகு மனிதர் நடையே மாறிவிட்டது.

வீடு முடிந்ததும் கடப்பாரையோடு நடு அறைக்குள் போனார்.

“இம்புட்டு மண்ணக் கொட்டி உசத்திட்டு, திரும்பவும் தோண்டுறீகளே?” என்றேன்.

“குழித்தறிக்காரன் கால எங்க வைக்கிறது? உன் தலையிலயா?”

அவர் கேட்டது நியாயம்தான். குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு மிதித்தால்தான் தறி ஓடும். தரையை எவ்வளவு உயர்த்தினாலும் அவர் பாதம் பழைய மட்டத்துக்கே போய்ச் சேர்ந்தது. இதை ஆபீசரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

அடுத்த ஐப்பசியில் மழை கொட்டி ஓடை தெருவுக்குள் வந்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் அடுப்பு முங்கியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார்கள். தண்ணீர் இரண்டாம் படியில் நின்றுவிட்டது. வாசலில் நின்று அதைப் பார்த்த இவர் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கவே மாட்டேன். அத்தனை பேருக்கும் நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது உள்ளே தொப்பென்று ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தோம். குழியின் அடியிலிருந்து தண்ணீர் ஊறி, கொட்டிய மண் கரைந்து, கால்கள் பெயர்ந்து, பூட்டியிருந்த பாவு நூலோடு தறி உள்ளே சரிந்து கிடந்தது. இவர் குழியோரம் உட்கார்ந்து, தண்ணீருக்குள் கையை விட்டு நூலைத் தூக்கப் பார்த்தார்.

வெள்ளம் வடிந்ததும், இன்சூரன்ஸ் சர்வேயர் சேதம் பார்க்க வருகிறார் என்று சங்கத்து ஆள் சொல்லிவிட்டுப் போனார். வேறு யாராக இருந்தாலும் எல்லாவற்றையும் கிடந்தபடியே விட்டிருப்பார்கள். எங்களுக்கு மனசு வரவில்லை. விழுந்த தறியை வீட்டுக்குள் போட்டுவைத்தால் சோறு இறங்குமா? இவர் சேற்றை அள்ளி, கால்களை நிமிர்த்தி, மக்கிப்போன பாவு நூலை அறுத்தெடுத்தார். மரம் ஊறி முறுக்கிக்கொண்டதால் இனி அதில் நெய்ய முடியாது, பார்வைக்குத்தான் தறி. நான் தரையைச் சாணி போட்டு மெழுகினேன். விருந்தாளி வருகிறாரே என்று வாசலில் கோலமும் போட்டேன்.

சர்வேயர் பேண்ட்டை மடித்துக்கொண்டு படியேறி வந்தார். வயதானவர், நல்ல மாதிரி. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “எங்கம்மா சேதம்?” என்று கேட்டார். பிறகு இவரிடம், “தண்ணி உள்ள வந்துச்சா?” என்றார்.

“அதெப்படி சார் வரும்? ரெண்டாம் படியோட நின்னுருச்சு. ரூல்படி கட்டுன வீடுல்ல.”

அந்த வாயை அப்படியே பொத்தியிருக்க வேண்டும். நான் குறுக்கே விழுந்து, “அடியில ஊறி வந்துதான் சார் தறி போச்சு” என்றேன்.

சர்வேயர் குனிந்து குழிக்குள் கையை விட்டார். விரலில் ஒட்டிய ஈரமண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஊத்துத் தண்ணி இதுல சேராதும்மா. தரைக்கு மேல ஏறியிருந்தாத்தான் வெள்ளம்னு எழுத முடியும். உள்ளத எழுதுறேன். தருவாங்கன்னு சொல்லி உங்களுக்கு ஆச காட்ட மாட்டேன்.” நான் கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார். இறங்கும்போது கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கிப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இன்சூரன்ஸ் வரவில்லை. சொந்தத் தறி வைத்திருந்த இவர் ஊருக்குள் இன்னொருவர் தறியில் கூலிக்கு நெய்யப் போனார். காலையில் தூக்குவாளியோடு அவர் படியிறங்குவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது, அடுப்படிக்குள் போய்விடுவேன்.

அடுத்த மழைக்கு முன்னால் பஞ்சாயத்து ஆபீசர் தெருக்காரர்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். “இந்த வீட்டப் பாருங்க. அம்புட்டு வெள்ளத்துலயும் ஒண்ணும் ஆகல” என்று படியைத் தட்டிக் காட்டினார். “ஏம்மா, வீட்டுக்காரர் இல்லையா? அவரே சொன்னா இவங்க நம்புவாங்க.”

“வீட்டுக்கு ஒண்ணும் ஆகல சார்” என்றேன். “அவருதான் அடுத்தவுக வீட்டுக் குழியில உக்காந்திருக்காரு.”