திரும்பி வராத மெஷின்கள்

"நான் கை வெச்ச மெஷின் ஒண்ணு, ஒரே ஒண்ணு, திரும்பி எம் முன்னால வந்து நிக்கட்டும். அன்னைக்கே ஸ்பானர் அத்தனையும் கரமனை ஆத்துல எறிஞ்சிட்டுப் புட்டு விக்கப் போயிருவேன், கேட்டியளா!"

சாலைக் கடைத்தெருவின் டீக்கடை ஒன்றின் வாசலில், பதினேழு வருஷங்களுக்கு முன்னால், நெல்லையப்பன் வெளியிட்ட பிரகடனம் இது. சாட்சிகள்: டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், சுமடு இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த இருவர், எதிலும் அபிப்பிராயம் சொல்லாத ஒரு மாடு.

தோல் தைக்கிற பழைய மெஷின்களுக்குத் திருவனந்தபுரத்தில் அவரை விட்டால் ஆளில்லை. பெயர்த்தகடு தொலைந்து, பெயின்ட் உதிர்ந்து, பெற்றவனுக்கே அடையாளம் தெரியாத கோலத்தில் ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். நெல்லையப்பன் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி அதன் மேல் வரிவரியாகச் சுற்றி ஓடும் மரையை நகத்தால் நெருடுவார். அந்தக் காலத்துக் கம்பெனிகள் ஆளுக்கொரு மரை வைத்திருந்தன. இன்று கடையில் விற்கிற ஸ்க்ரூ எதுவும் அவற்றில் ஏறாது. "ஜெர்மன்காரனாக்கும். யுத்தத்துக்கு முந்தினது" என்பார். அடிப்பலகையைத் துடைத்தால் நம்பர் தெரியும். நம்பரும் அவருக்குக் கட்டுப்பட்டு அதையே சொல்லும்.

அவருடைய துரதிர்ஷ்டம், சொன்ன சொல் பலித்துவிட்டது. எந்த மெஷினும் திரும்பி வரவில்லை. மெஷின் வராவிட்டால் அதன் சொந்தக்காரன் மட்டும் எதற்கு வருவான்? இப்படியாக, தம் திறமையினாலேயே ஊரில் ஒருவர் விடாமல் எல்லோரையும் விரட்டியடித்த ஒரே மெக்கானிக் என்ற பெருமையோடு, வலியசாலையின் பின்சந்தில் ஓர் அறையில் அவர் வீற்றிருந்தார். கல்யாணம் ஆகவில்லை. பார்ட்ஸ் கிடைக்கவில்லை என்பது அவருடைய விளக்கம்.

அவரே போய் நாலு பேரைப் பார்த்துவிட்டு வரலாமே என்றால், அதற்கும் வழியில்லை. மெஷினைக் கொடுத்தனுப்பிய பிறகு, கூப்பிடாமல் அந்தக் கடைப்பக்கம் மெக்கானிக் தலைகாட்டினால் பழுது பார்த்தது நிலைக்கவில்லை என்று தெரு முழுக்கப் பேச்சாகிவிடும். இந்தச் சட்டத்தை இயற்றியவரும் அவர்தான். "செஞ்ச வேலையில நம்பிக்கை இல்லாதவன்தான் பின்னாலேயே போய் எட்டிப் பாப்பான்" என்று பினு என்கிற இன்னொரு மெக்கானிக்கை நடுத்தெருவில் வைத்து வாரியிருக்கிறார்.

இந்த நிலையில்தான் செருப்புக்கடை மைதீனின் மெஷின் வந்து சேர்ந்தது. அடிநூலைச் சுமக்கிற ஷட்டில் இரண்டாகப் பிளந்திருந்தது. எந்தக் கடையிலும் இல்லாத சாதி.

மைதீன் தினம் நாலு மணிக்கு, நேந்திரம் பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரி இரண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு விசாரிக்க வருவார்.

"கெடச்சுதா அண்ணாச்சி?"

"இல்லை பாய்."

"செரி, இதைத் தின்னுங்க. ஆறிப்போச்சுன்னா ரப்பராயிரும்."

பிறகு பேச்சு: மருமகன், சர்க்கரை வியாதி, மழை, மறுபடி மருமகன். ஆறு மணிக்கு எழுந்து போவார். மூன்று மாதம் இப்படி. மூன்றே காலுக்கெல்லாம் நெல்லையப்பன் முகம் கழுவ ஆரம்பித்தார் என்பதைச் சரித்திரம் மறைக்கக் கூடாது.

பொன்முடியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் பெல்ட்டுகளைத் தைத்த பழைய மெஷின் ஒன்று கொட்டகையில் கிடப்பதாகத் தகவல் வந்தது. இருக்கிற ஒன்றிரண்டு பஸ்ஸில் ஒன்றைப் பிடித்து, கொண்டை ஊசி வளைவுகளில் குடலைப் பறிகொடுத்து, மேலே போய்ச் சேர்ந்தார். கோழி அடைகாத்துக்கொண்டிருந்த மெஷினுக்குள், துருவே தொடாமல், அதே ஷட்டில். விலை பேசி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் நாலு மணி.

"கெடச்சுதா அண்ணாச்சி?"

"இல்லை பாய்."

பை கனத்தது. ஒன்பது நாள் கனத்தது. பத்தாம் நாள் மைதீன் பழம்பொரியை இடதுகையால் நீட்டினார். வலதுகையில் மூன்று விரலுக்குக் கட்டு.

"என்ன பாய் இது?"

"மெஷின் இல்லையே. ஆர்டரை எல்லாம் கையால குத்தித் தைக்கேன். வயசான கை அண்ணாச்சி, ஊசி தோலை விட்டுட்டு வெரலைத்தான் தேடுது." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நெல்லையப்பன் பாதி தின்ற பழம்பொரியைக் காகிதத்திலேயே திரும்ப வைத்தார். "நாளைக்குத் தயாராயிரும் பாய். இன்னைக்குக் காலையிலதான் வந்துது" என்றார். வாழ்க்கையில் அவர் சொன்ன பொய்களில் ஓரளவு யோக்கியமானது அது ஒன்றுதான்.

மறுநாள் மெஷின் தைத்தது. இரட்டைத் தோலில் முத்துக் கோத்தாற்போலத் தையல் விழுந்தது. மைதீன் குனிந்து காதை வைத்துப் பார்த்தார்.

"பூனை நடக்குத மாதிரியில்லா ஓடுது! இனி உங்களுக்கு என்னால தொந்தரவு கெடையாது."

"தொந்தரவா?" என்று ஆரம்பித்தார் நெல்லையப்பன். சும்மா வந்து போங்க பாய் என்பதுதான் அடுத்துச் சொல்ல வேண்டியது. பதினேழு வருஷப் பழக்கத்தில் வாய் வேறு பக்கம் போய்விட்டது. "நான் கை வெச்சதாக்கும். இனி இது இங்க வராது."

"அது ஊருக்கே தெரியுமே!" மைதீன் முழுக்கூலியையும் வைத்துவிட்டு, ஆட்டோ கூப்பிடத் தெருமுனைக்குப் போனார்.

நெல்லையப்பன் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். கைச்சக்கரத்தைப் பிடித்திருக்கிற சின்ன ஸ்க்ரூ ஒன்று உண்டு. அது தளர்ந்தால் தையலுக்கு ஒன்றும் ஆகாது, தோலுக்கு ஆகாது, மைதீனின் விரலுக்கும் ஆகாது. ஓட ஓட இன்னும் கொஞ்சம் தளர்ந்து, 'டக் டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கிளம்பும். அரைச் சுற்று தளர்த்தினால் சத்தம் கேட்கப் பத்து நாள். இந்தக் கணக்கெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். இடப்பக்கமாக அரைச் சுற்று.

வெளியே ஆட்டோ வந்து நின்றது. பத்து நாள் அதிகம் என்று பட்டது. இன்னும் கால் சுற்று.