என் மகன் குடித்த ஒரு வாய் ஆசிட்

நம் பங்குக் கோயில் அன்பிய உறவுகளே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை மறைத்தவள் ஆவேன்.

நான் மயிலாப்பூரில் ஆசிரியையாக இருக்கிறேன். என் கணவர் சேவியருக்குப் பெருங்குடியில் வேலை. எங்கள் மகன் ஜெரிக்கு அப்போது மூன்றரை வயது.

போன வருடம் தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை. எங்கள் வீட்டில் வேலை செய்யும் செல்வி பாத்திரம் தேய்த்துவிட்டுப் போய்விட்டாள். நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். குளியலறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அழுகை மாதிரி இல்லை. மூச்சு அடைத்துக்கொண்டு கத்துவது போல் இருந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஜெரி வாயைத் திறந்தபடி நின்றான். உதடு வெளுத்திருந்தது. சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. கையில் ஒரு ஜூஸ் பாட்டில். அதில் இருந்தது ஜூஸ் இல்லை. கழிவறை கழுவும் ஆசிட்.

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம் என்று டம்ளரை எடுத்துவிட்டேன். அந்த நேரம் கீழ்வீட்டு நூர்ஜஹான் அக்கா சத்தம் கேட்டு ஓடி வந்தார். முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர். சனிக்கிழமையானால் தரமணியில் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். அன்று போகவில்லை.

“ரெஜினா, வாந்தி எடுக்க வெக்காத! உள்ள போனது திரும்பி வந்தா தொண்டைய இன்னொரு வாட்டி சுட்டுடும். வாய மட்டும் கழுவி விடு. சட்டைய கழட்டு. அந்த பாட்டில கையோட எடுத்துக்க, டாக்டர் கேப்பாரு.”

ஆட்டோவில் போகும்போது ஜெரியின் வாயிலிருந்து எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. அவனால் அதைக்கூட விழுங்க முடியவில்லை.

மருத்துவமனைக்கு சேவியர் வேலையிலிருந்து நேராக வந்துவிட்டார். “ஜூஸ் பாட்டில்ல யாருங்க இத ஊத்துனது?” என்று டாக்டர் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. “செல்வியா?” என்றார் சேவியர். அப்போதும் நான் பேசவில்லை. அவர் உடனே செல்விக்குப் போன் போட்டுக் கத்தினார். அவள் குரல் எனக்குக் கேட்டது.

“சத்தியமா எனக்குத் தெரியாது சார். நான் அத்த தொடவே இல்ல. கொயந்த எப்டி கீது சார்?”

ஊற்றியது நான்தான். இரண்டு நாள் முன்பு தெருவில் வண்டியில் வந்தவரிடம் ஆசிட் வாங்கினேன். மூடி கசிந்தது. காலியாகக் கிடந்த ஜூஸ் பாட்டிலில் மாற்றி, குளியலறை மூலையில் தரையிலேயே வைத்தேன்.

உணவுக்குழாய் எவ்வளவு வெந்திருக்கிறது என்று கேமரா விட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆழமாக வெந்திருந்தால் சாப்பாடு இறங்காது, பல ஆபரேஷன் தேவைப்படலாம் என்றார்கள். பிள்ளையை மயக்கம் கொடுக்க உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது.

செபமாலையைக் கையில் எடுத்தேன். முதல் மணியைத் தாண்ட முடியவில்லை. ‘கொயந்த எப்டி கீது சார்?’ என்ற குரலே காதில் கேட்டது. நான் செய்ததற்கு என் பிள்ளை அனுபவிக்கப் போகிறான் என்று தோன்றியது.

“நான்தாங்க ஊத்துனேன். செல்வி இல்ல” என்று சேவியரிடம் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். எழுந்து வராந்தாவின் கடைசிக்குப் போய் சுவரைப் பார்த்து நின்றார். நான் செல்விக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லி அழுதேன். அவள் சொன்னாள்:

“அதெல்லாம் அப்பால பேசிக்கலாம்க்கா. மொதல்ல புள்ள நல்லபடியா வரட்டும். நானும் அம்மன வேண்டிக்கினுதான் கீறேன்.”

அதன்பிறகுதான் எனக்குச் செபம் வந்தது. “ஆண்டவரே, தப்பு என்னுது. பொய்யும் என்னுது. எம் புள்ள ஒரு வாய் தண்ணி முழுங்கணும். வேற எதுவும் கேக்கல.” இதையே எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. நடுவில் சேவியர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் என்னோடு சேர்ந்து சொன்னார்.

டாக்டர் வெளியே வந்தார். “வாயும் நாக்கும் வெந்திருக்கு. உணவுக்குழாய் லேசா செவந்திருக்கு, அவ்வளவுதான். முக்கால்வாசி துப்பிட்டான் போல” என்றார். நான் அங்கேயே தரையில் முழங்காலிட்டேன்.

ஐந்தாவது நாள் ஜெரி ஒரு ஸ்பூன் ஆறின பால் குடித்தான். வலியில் அழுதான். ஆனால் விழுங்கினான்.

நூர்ஜஹான் அக்காவை அன்று வீட்டில் இருக்க வைத்தது யார்? என் கையிலிருந்த டம்ளரைத் தடுத்தது யார்? எனக்கு அதில் சந்தேகமே இல்லை. வீட்டுக்கு வந்ததும் செல்வியிடம் என் கணவர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அவரும் கேட்டார். அவள் இன்றும் எங்கள் வீட்டுக்கு வருகிறாள்.

இப்போது அன்பியச் செபக் கூட்டத்துக்கு எந்த வீட்டுக்குப் போனாலும், சின்னப் பிள்ளை இருந்தால் குளியலறையை எட்டிப் பார்க்கலாமா என்று கேட்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும். ஆசிட், பினாயில், மண்ணெண்ணெய் எதுவானாலும் குடிக்கிற பாட்டிலில் ஊற்றாதீர்கள். பூட்டி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பிள்ளைகளை நம்மிடம் ஒப்படைத்தவருக்கு நாம் செய்ய வேண்டிய வேலை இது.

உங்களில் யாராவது, ‘என் தப்பால்தானே இது நடந்தது, எந்த முகத்தோடு அவரிடம் கேட்பது’ என்று பயந்துகொண்டிருந்தால், தயங்காமல் போய் உண்மையைச் சொல்லுங்கள். நான் பொய்யோடு போய் நின்றவள். என்னையே அவர் துரத்தவில்லை.