எந்திரம் எண்ணாத அரிசி

ஆம்பூர்ப் பக்கம் வட்ட வழங்கல் அலுவலகத்தில் ரேஷன் கடைகளுக்கு அடுத்த மாதம் எத்தனை மூட்டை அரிசி வேண்டும் என்று கணிப்பது என் வேலை. இந்தக் கணிப்புகள் எல்லாம் சேர்ந்துதான் சென்னைக்குப் போய், அடுத்த ஆண்டு உணவு மானியத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்ற பேச்சுக்கு அடிப்படையாகும். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. கடந்த மூன்று மாத விற்பனையின் சராசரியைப் போட்டுவிட்டு, இதற்கு மேல் யாருக்கு என்ன தெரியும் என்று நாற்காலியில் சாய்ந்துகொள்வேன்.

ஒரு மாதம், ஷூ கம்பெனி வண்டிகள் வந்துபோகும் ஊர் ஒன்றிலிருந்து ரேஷன் கடை விற்பனையாளரான ஓர் அம்மா முப்பது மூட்டை கூடுதலாகக் கேட்டு எழுதியிருந்தார். அவர் கடையில் பாதிப் பேர் பருப்பும் பாமாயிலும் மட்டும் வாங்குகிறவர்கள், அரிசியைத் தொடுவதே இல்லை. ரேஷன் அரிசி கடத்தப்படும் ஆந்திரா எல்லை வேறு பக்கத்திலேயே இருக்கிறது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போன் செய்து காரணம் கேட்டேன். "ஜனங்க வருவாங்க சார்" என்பதைத் தவிர வேறு காரணம் அவரிடம் இல்லை. நான் எப்போதும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. முப்பதையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

அடுத்த மாதம் பாதிகூட முடியவில்லை, அந்தக் கடையில் அரிசி இருப்பு தீர்ந்துகொண்டிருந்தது. கையும் களவுமாகப் பிடிக்கும் ஆசையோடு முன்னறிவிப்பில்லாமல் போனேன். மத்தியானம், கூட்டம் இல்லை. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க ஒரு பெண் பருப்பு வாங்கிக்கொண்டிருந்தாள். பையை மடித்துவிட்டும் நகராமல், அரிசி எப்படிக்கா இருக்கு, இட்லிக்கு ஆகுமா என்று தரையைப் பார்த்துக் கேட்டாள். நன்றாக வருகிறது என்று சொல்லிவிட்டு விற்பனையாளர் உள்ளே போனார். கடை அரிசி தீர்ந்து, மிச்சம் இருந்தது அவர் வீட்டுக் கார்டுக்கான பங்கு மட்டும்தான். தன் கார்டை எந்திரத்தில் காட்டி, தன் விரலையே வைத்து, அதை எடை போட்டு அந்தப் பெண்ணின் பையில் கொட்டினார்.

அவள் போனதும் எனக்குக் கோபம்தான் வந்தது. இப்படி எல்லாருக்கும் தூக்கிக் கொடுக்க இது உங்கள் வீட்டுக் கல்யாணமா என்று கேட்டேன்.

அவர் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கம்பெனியில ஓவர்டைம் நின்னுபோச்சு சார். இத்தனை வருசமா வெளிக் கடைல பொன்னி அரிசி வாங்கித் தின்னவங்க. மொத மாசம் இட்லிக்குன்னு கேப்பாங்க. அடுத்த மாசம் சோத்துக்கு வருவாங்க. வெக்கப்பட்டுக்கினு வர்றவங்களை ஒரு தபா இல்லன்னு அனுப்பிட்டா, மறுபடி வரமாட்டாங்க."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மூன்று மாதக் கணக்கு என்னிடம் இருந்தது. வரப்போகும் மாதம் அந்த அம்மாவிடம் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, அவரைக் கும்பிடவும் தோன்றியது. அப்படியே பேருந்து ஏறினேன்.

அந்த மாதக் கணிப்பில் சராசரியை ஓரம் தள்ளி, ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டு, புதிதாக யார் அரிசி விசாரிக்கிறார்கள் என்று கேட்டேன். எதற்கு இந்த வேலை என்று அதிகாரி சலித்துக்கொண்டார். பிடிவாதம் எனக்குக் கைவந்த கலை. அந்த அம்மா கேட்ட முப்பது மூட்டையும் இந்த முறை அவர் கடைக்குப் போனது, மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

பிறகு ஒரு நாள் போனபோது, நான் வெட்டிய மாதத்தில் வெறும் பையோடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். வாங்கியவர்களைத்தான் எந்திரம் எண்ணும், இது அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்ற அசட்டு நம்பிக்கை. அவர் யோசிக்கவே இல்லை. ஒன்பது பேர் என்றார். அந்த முப்பது மூட்டை வந்த அன்று, கடை மூடிய பிறகு ஒன்பது வீட்டுக்கும் நடந்து போய், அரிசி வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"எட்டுப் பேர் வந்துட்டாங்க சார். ஒருத்திதான் இன்னும் வர்ல."